ஸ்டார்ட்அப் ஆரம்பத்துலயே யூஎக்ஸுக்கு, அதாவது ப்ராடக்ட்டை ஆளுங்க சுலபமா யூஸ் பண்ற மாதிரி வடிவமைக்கிறதுக்கு, செலவு பண்ணணுமா?

கண்டிப்பா பண்ணணும், ஆனா முதல்ல காசை இல்ல, நேரத்தை. லோகோ, கலரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பேப்பர்ல நாலு ஸ்கிரீன் வரைஞ்சு, உங்க ப்ராடக்ட் யாருக்கோ அவங்கள்ல அஞ்சு பேர்கிட்ட தனித்தனியா குடுத்து, "இதுல ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வாயைத் திறக்காம பக்கத்துல உக்காருங்க, இதுதான் ரொம்ப கஷ்டம், விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். விரல் எங்க தயங்குதுன்னு குறிச்சுக்கோங்க. அஞ்சு பேரே பெரும்பாலான சிக்கலைக் காட்டிடுவாங்கன்னு யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதிட்டார்.

ஆப் ரெடியானதும் திரும்ப இதே மாதிரி பண்ணுங்க. எங்க ஆப்ல கீபோர்டு மேல வந்தா சப்மிட் பட்டன் மறைஞ்சுடும், மூணாவது ஆள் திணறினப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது. ஃபுல்டைம் டிசைனரை, ஆளுங்க திரும்பத் திரும்ப வந்து யூஸ் பண்ண ஆரம்பிச்சப்புறம் எடுங்க.