சேலத்தில் யாகுசா பாணிக் குறும்படம்: ஒரு காப்பு, ஒரு வெள்ளைத் துணி

ஜப்பானிய யாகுசா படத்தில், அதாவது அங்குள்ள ரவுடிக் கும்பல்களின் கதையில், அடிதடியைவிட முக்கியம், நாயகன் இரண்டு பேருக்குக் கடன்பட்டு நடுவில் மாட்டிக்கொள்வது. அங்கே தலைவன் கோப்பையில் தரும் சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்தால் அவன் ஆள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் உறவு முடிந்தது. அதை அப்படியே இங்கே வைத்தால் மாறுவேடப் போட்டி ஆகிவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை முதலாளி மாட்டிவிடும் ஒரு காப்பு போதும். பத்து நிமிடப் படமென்றால் மூன்றாம் நிமிடத்துக்குள் இரண்டு கடனும் தெரிய வேண்டும். இல்லையேல் கடைசியில் அவன் காப்பைக் கழற்றும்போது யாருக்கும் உறைக்காது.

செட்டுக்குக் காசில்லையா? ஜப்பானிய இயக்குநர் சுஸுகி செய்ஜுனின் யாகுசா படம் 'டோக்கியோ டிரிஃப்டர்' (1966) பாருங்கள். கடைசி மோதல் நடக்கும் இரவு விடுதி கிட்டத்தட்ட வெறும் வெள்ளை அரங்கு.

அதற்கு ஒரு காலி குடோனும் வெளுத்த காடாத் துணியும் போதும். வெளுக்காத காடா கேமராவில் மஞ்சளடிக்கும். 10 அடி உயரத்துக்குத் தைத்துத் தொங்கவிட்டு, வளைத்துத் தரையிலும் 15 அடி ஓட்டுங்கள். சுவரும் தரையும் சேரும் கோடு மறையும். இஸ்திரி கட்டாயம். செருப்பின் அடிப்பாகத்தைத் துடைக்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். நடிகர் தொங்கும் துணியிலிருந்து 8 அடியாவது தள்ளி நிற்கட்டும், கிட்டே போனால் நிழல் விழுந்து குட்டு வெளிப்படும். துணிக்கென்று தனியாக இரண்டு லைட். முகத்தைவிட ஒன்றரை ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதற்கு மேல் போனால் முடியின் ஓரம் வெளுத்துப் போகும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி. மாற்றினால் சில லைட்டுகளில் பட்டை ஓடும்.

துரோகக் காட்சிக்கு ஏற்காட்டு மூடுபனியை விட்டால் வேறென்ன! கொண்டை ஊசி வளைவில் மட்டும் கேமரா வைக்காதீர்கள், பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும். அனுமதி வாங்கி, காப்பித் தோட்டத்துப் பாதையில் எடுங்கள். பனி நிமிடத்தில் கலைந்துவிடும், அதனால் வைடு ஷாட்டை முதலில் முடியுங்கள். குளோஸப்பைக் கீழே வந்து அதே வெள்ளைத் துணிமுன் எடுத்தாலும் ஒட்டிக்கொள்ளும். இறங்குமுன் கேமராவை ஜிப் கவரில் காற்றுப்புகாமல் மூடி, சேலத்தில் அரைமணி நேரம் கழித்தே திறவுங்கள். அவசரப்பட்டால் லென்ஸில் நீர் கோர்க்கும்.

பொம்மைத் துப்பாக்கியைத் தெருவில் எடுப்பதென்றால் முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். துப்பாக்கியே காட்டாமல் சத்தத்தை மட்டும் டப்பிங்கில் சேர்ப்பது இன்னும் மலிவு.