ஆர்.ஓ. தண்ணீரும் நீலமாகாத உட்கருவும்

மதுரையில் ஒரு ஆய்வகத்தில் திசுத் துண்டுகளுக்குச் சாயமேற்றுவது என் வேலை. போன சித்திரையில் ஸ்லைடுகள் கெட்டுக்கொண்டே வந்தன. செல்லின் உட்கரு நீலமாகத் தெரிய வேண்டிய இடத்தில் செம்மை ஓடிய ஊதாதான் தெரிந்தது. உட்கருவுக்கு நிறம் தரும் சாயமான ஹெமடாக்சிலினை வடிகட்டினேன், நேரத்தைக் கூட்டினேன், அதிகப்படிச் சாயத்தை நீக்கும் அமில ஆல்கஹாலையும் மாற்றினேன். ம்ஹூம்.

அப்புறம் குழாயடியில்தான் உறைத்தது. எங்கள் போர் தண்ணீருக்கு வாளியெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். புது வாளியோ பளிச்சென்று இருந்தது. முந்தின வாரம்தான் உப்பை நீக்கும் ஆர்.ஓ. இணைப்பு கொடுத்திருந்தார்கள்! ஹெமடாக்சிலின் அமிலத்தில் சிவக்கும், காரத்தில்தான் நீலமாகும். இத்தனை நாளும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து வந்தது போர் தண்ணீரின் காரத்தன்மை.

ஒரு லிட்டர் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 20 கிராம் கரைத்து, ஸ்லைடை ஒரு நிமிடம் முக்கினேன். கண்ணெதிரேயே துண்டு நீலமானது. அதன் பிறகு தண்ணீரில் நன்றாகக் கழுவித்தான் அடுத்த சாயமான, இளஞ்சிவப்பு தரும் ஈயோசினுக்குப் போக வேண்டும். காரம் ஒட்டியிருந்தால் ஈயோசின் சரியாகப் பிடிக்காது.

ஏற்கெனவே கவர் ஸ்லிப் (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி) ஒட்டிய ஸ்லைடுகளைச் சைலீனில் ஊறவைத்துப் பிரித்து, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்கு இறக்கி, நீலமாக்கி, மறுபடி ஈயோசின் ஏற்றினேன். அதில் ஒன்று மார்பகக் கட்டி பயாப்சி. அந்த அம்மாவின் ரிப்போர்ட் இரண்டு நாள் தள்ளிப்போனது இன்னும் உறுத்துகிறது.