மேம்படுத்திய பிறகு வீட்டுச் சேர்வர் எழும்பவில்லையா? டேட்டா டிஸ்க்கில் கை வைக்க முதல் இதைப் பாருங்கள்

வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கும் சேர்வரை புதிய பதிப்புக்கு மாற்றி ரீஸ்டார்ட் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு போனில் படங்கள் வரவில்லை, கொம்பியூட்டரில் அந்த ஃபோல்டரையே காணவில்லை. சரி, பதற வேண்டாம். செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: டேட்டா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுபோய் வின்டோஸ் கொம்பியூட்டரில் மாட்டாதீர்கள். இந்தச் சேர்வர்கள் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று லினக்ஸ் முறைகளில் டிஸ்க்கை ஒழுங்கு செய்கின்றன. வின்டோஸுக்கு இவை எதுவும் சாதாரணமாக விளங்காது. விளங்காத டிஸ்க்கைக் கண்டதும் "ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்கும், அல்லது "இனிஷியலைஸ்" செய்யச் சொல்லும். யாராவது ஓம் என்று அழுத்திவிட்டால் கதை வேறு. விசுவமடுப் பக்கம் ஒரு அக்கா வீட்டு டிஸ்க்குக்கு இதுதான் நடந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் ஃபோர்மட் செய்து, "இப்ப நல்லா வேலை செய்யுது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மீட்பு மென்பொருள் போட்டு ஒரு பகுதியை எடுத்தேன். படங்கள் கிடைத்தன, ஆனால் எதற்கும் பெயர் இல்லை, ஆண்டு இல்லை.

நான் பரந்தனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்போம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது பழைய படங்களை ஸ்கேன் செய்யும் வேலைதான். 2009க்கு முந்திய ஆல்பம் வன்னியில் எத்தனையோ வீடுகளில் இல்லை. இடம்பெயர்ந்த வழியில் போனது போனதுதான். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் இருந்த பிரதிகளைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, வீட்டிலேயே ஒரு சேர்வரில் போட்டு வைக்கிறோம். காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் அதே பெட்டிக்குள். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

இங்கே நான் அமைத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி: பழைய அலுவலகக் கொம்பியூட்டர் ஒன்று, சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, தரவுக்கு 4 டெராபைட் டிஸ்க் ஒன்றோ இரண்டோ, மேலே ஓப்பன்மீடியாவோல்ட் (சேர்வரை ஓட்டும் மென்பொருள், சுருக்கமாக ஓஎம்வி). ட்ரூநாஸ் என்ற இன்னொரு சேர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பார்க்கும் ஒழுங்கு ஏறக்குறைய இதேதான், மெனுக்களும் கட்டளைகளும் மாறும். சினோலஜி பெட்டிகளுக்கு இது அப்படியே பொருந்தாது, அவற்றின் சிஸ்டம் டேட்டா டிஸ்க்குகளிலேயே இருக்கும். கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

மனதில் வைக்க வேண்டியது இது: மேம்படுத்தல் மாற்றுவது சிஸ்டம் எஸ்எஸ்டியைத்தான். ஓப்பன்மீடியாவோல்ட் 6இலிருந்து 7க்குப் போகும்போது அடியில் இருக்கும் லினக்ஸ் ஆன டெபியன் 11 டெபியன் 12 ஆகிறது. உங்கள் படங்கள் இருக்கும் டிஸ்க்கில் அது எதையும் எழுதுவதில்லை. ஆகவே படம் தெரியவில்லை என்றால், அநேகமாகப் படத்துக்குப் போகும் வழி எங்கேயோ அறுந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, அதையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் மொனிற்றரை மாட்டுங்கள்

"தம்பி, பெட்டியில லைட் எரியுது, ஆனா ஒண்டும் வரேல்லை" என்று ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மாமி போன் எடுப்பார். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: வீட்டு ரீவியையாவது இழுத்து வந்து சேர்வரில் மாட்டி, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திரையைப் பார்க்காமல் போனில் வைத்தியம் பார்க்க முடியாது.

பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று சொன்னால், மேம்படுத்தலைக் குறை சொல்ல முதல் மதர்போட்டில் இருக்கும் சில்லறைக்காசு போன்ற பற்றரியைப் பாருங்கள். சிஆர்2032, 3 வோல்ட், எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். பழைய கொம்பியூட்டர்களில் அது இறங்கிப்போயிருக்கும். கரண்ட் இருக்கும்வரை தெரியாது. ஒருமுறை பிளக்கைக் கழற்றினால், அல்லது கரண்ட் நின்றால், பயோஸ் (கொம்பியூட்டர் எழும்பும்போது முதலில் ஓடும் பகுதி) தன் அமைப்புகளை எல்லாம் மறந்துவிடும். பிறகு எஸ்எஸ்டியை விட்டுவிட்டு டேட்டா டிஸ்க்கிலிருந்து பூட் செய்யப் பார்க்கும், அதில் சிஸ்டம் இருக்காது. பற்றரியை மாற்றி, பயோஸுக்குள் போய் எஸ்எஸ்டியை முதலாவதாக வையுங்கள். திகதியையும் நேரத்தையும் அங்கேயே சரிசெய்யுங்கள். திகதி பல ஆண்டுகள் பின்னால் நின்றால் மென்பொருள் இறக்கும்போது "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகாது" என்ற மாதிரி பிழை வரும், இணையத்தளச் சான்றிதழ்களும் பிழைக்கும். கரண்ட் அடிக்கடி நிற்கும் எங்கள் பக்கத்தில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இன்னொரு திரை: ஒரு வரியில் டிஸ்க்கின் நீண்ட இலக்கமும், பக்கத்தில் ஓடும் செக்கன்களும், 1 நிமிடம் 30 செக்கன் என்ற எல்லையும் தெரியும். சேர்வர் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. நேரம் முடிந்ததும் அவசர நிலைக்குப் போய் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லைக் கேட்கும். எப்போதோ மாட்டிவிட்டுக் கழற்றிய யூஎஸ்பி டிஸ்க்கை எஃப்எஸ்டாப் கோப்பில் (எழும்பும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்ற பட்டியல்) யாரோ கையால் எழுதி வைத்திருந்தால் இப்படி வரும். டிஸ்க்கை எஸ்டிபி1 என்ற மாதிரி பெயரால் எழுதியிருந்தாலும் வரும், ஏனென்றால் அந்தப் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம், யூயூஐடி என்ற அந்த நீண்ட அடையாள இலக்கம் மாறாது. கடவுச்சொல்லைக் கொடுத்து, நானோ என்ற எழுத்துத் திருத்தியில் எஃப்எஸ்டாப்பைத் திறந்து, அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு # போட்டுச் சேமித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓப்பன்மீடியாவோல்ட் தானாக எழுதிய வரிகள் தன் பெயர் போட்ட இரண்டு குறிப்புக் கோடுகளுக்கு இடையில் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். கையால் எழுதியவை அதற்கு வெளியேதான் இருக்கும்.

நடுவில் கரண்ட் போய், மேம்படுத்தல் பாதியில் நின்றிருந்தால் லொகின் செய்து டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ என்று அடியுங்கள். விட்ட இடத்திலிருந்து அமைக்கும். அது முடிந்தபின் ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல். அநேகம் இந்த இரண்டோடும் எழும்பிவிடும். புதிய கேர்னலோடு (சிஸ்டத்தின் மையப் பகுதி) எழும்பாவிட்டால் பூட் மெனுவில் "அட்வான்ஸ்ட்" என்பதற்குள் பழைய கேர்னல் இருக்கும், அதைத் தெரிவு செய்து பாருங்கள். இசட்எஃப்எஸ் பாவிப்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் புதிய கேர்னலுக்கு இசட்எஃப்எஸ் மொடியூல் கட்டப்படாவிட்டால் பூல் (இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளின் தொகுப்பு) ஏறாது, அதாவது சேர்வரோடு இணையாது. பூல் தொலைந்தது என்று எண்ணிப் புதிதாக உருவாக்கிவிடாதீர்கள். இசட்பூல் இம்போர்ட் என்று மட்டும் அடித்தால் இருக்கும் பூல்களைக் காட்டும், எதையும் மாற்றாது.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மாதக்கணக்கில் நிற்காமல் சுழன்ற டிஸ்க், ரீஸ்டார்ட்டில் ஒருமுறை நின்று திரும்பச் சுழல முடியாமல் போவதுண்டு. அதற்கும் மென்பொருளுக்கும் தொடர்பில்லை.

பெட்டி எழும்பிவிட்டது, பிரவுசரில் நிர்வாகப் பக்கம் வரவில்லை

லொகின் கேட்கும் திரையிலேயே ஐபி முகவரி இருக்கும். முன்பு 192.168.1.50 ஆக இருந்தது இப்போது வேறாக இருக்கலாம். அப்படியென்றால் புதிய முகவரியில் போங்கள், பிறகு ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். முகவரியே இல்லையென்றால் நெற்வேர்க் கார்ட்டின் பெயர் மாறியிருக்கும். ரூட்டாக லொகின் செய்து ஓஎம்வி-ஃபர்ஸ்ட்எய்ட் என்று அடித்தால் ஒரு மெனு வரும், அதில் முதலாவது நெற்வேர்க் அமைப்பு. அவ்வளவுதான்.

பக்கம் வந்து, மெனுக்கள் உடைந்தோ "சொஃப்ட்வெயர் ஃபெயிலியர்" என்றோ காட்டினால் பிரவுசர் பழைய பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கேஷை அழியுங்கள், அல்லது போனில் திறந்து பாருங்கள்.

கடவுச்சொல் சரி, ஆனால் லொகின் செய்ததும் திரும்ப லொகின் பக்கத்துக்கே வருகிறதா? இதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். சிஸ்டம் எஸ்எஸ்டி நிரம்பியிருக்கும். கீபோட்டில் லொகின் செய்து டிஎஃப் -எச் என்று அடியுங்கள். சாய்கோடு (/) மட்டும் இருக்கும் வரியில் 100% என்று இருந்தால், முதலில் ஏபிடி கிளீன் அடித்து இறக்கி வைத்த பொதிகளை அழியுங்கள். அதோடு கொஞ்சம் இடம் வரும், பக்கமும் திறக்கும்.

ஆனால் ஏன் நிரம்பியது? டேட்டா டிஸ்க் ஏறாமல் இருந்த நாட்களில், அது ஏற வேண்டிய ஃபோல்டர் வெறும் ஃபோல்டராக எஸ்எஸ்டியிலேயே இருக்கிறது. இரவில் பிரதி எடுக்க ஓடும் ஆர்சிங்க் ஸ்கிரிப்ட்டுக்கோ, டொக்கரில் தனியாக ஓடும் ஏதாவது மென்பொருளுக்கோ அது தெரியாது. அந்த ஃபோல்டருக்குள் எழுதிக்கொண்டே போகும். பிறகு டிஸ்க் ஏறியதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும். இடம் நிரம்பியிருக்கும், எது நிரப்பியது என்று தெரியாது. டேட்டா டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் அதன் இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பவற்றை உடனே அழிக்காதீர்கள். போன கிழமை எடுத்த படங்கள் அங்கே மட்டும்தான் இருக்கலாம். ஒரு யூஎஸ்பியில் எடுத்து, டிஸ்க்கை ஏற்றி, உரிய இடத்தில் போட்டுச் சரிபார்த்த பிறகு அழியுங்கள்.

டிஸ்க் ஏறவில்லை

எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று அடித்தால் எல்லா டிஸ்க்கும் வரிசையாக வரும். டிஸ்க்கும் தெரிந்து, பக்கத்தில் எக்ஸ்ட்4 என்றோ வேறு பெயரோ இருந்தால் உங்கள் தரவு பத்திரமாக இருப்பதற்கு நல்ல அறிகுறி. நிர்வாகப் பக்கத்தில் ஃபைல் சிஸ்டம் மெனுவுக்குப் போய், ஏற்கெனவே இருப்பதை "மவுண்ட்" செய்யும் தெரிவை எடுங்கள். "கிரியேட்" என்பது புதிதாக எழுதும். இரண்டும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒருமுறை வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

இரண்டு டிஸ்க்கை ரெய்டில் (ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) போட்டவர்கள் 7ஆம் பதிப்பில் ரெய்டு மெனுவைக் காணாமல் திகைப்பார்கள். அந்த வசதியை ஓப்பன்மீடியாவோல்ட்-எம்டி என்ற தனிப் பிளக்-இன்னாக மாற்றிவிட்டார்கள், அதை நிறுவினால் மெனு வரும். மெனு இல்லாவிட்டாலும் ரெய்டு ஓடும். புரொக் ஃபோல்டரில் எம்டிஸ்டாட் என்ற கோப்பை வாசித்தால் நிலை தெரியும்: இரண்டு யூ இருந்தால் இரண்டு டிஸ்க்கும் சரி, ஒன்றுக்குப் பதில் கீழ்க்கோடு இருந்தால் ஒன்று விலகியிருக்கிறது. எம்டி0 என்றிருந்தது எம்டி127 என்று வந்தாலும் பயப்பட வேண்டாம், பெயர் மட்டும்தான் மாறியது.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால் நிறுத்தி, சாட்டா கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுங்கள். பெட்டிக்குள் செம்மண் தூசியும் எறும்பும் இருந்தால் தூரிகையால் துடையுங்கள். பிறகு டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 199 என்று இலக்கமிட்ட மூன்று வரிகளைப் பாருங்கள். 5இலும் 197இலும் எண்ணிக்கை பூச்சியம் இல்லாமல் ஏறிக்கொண்டு போனால் டிஸ்க் களைத்துவிட்டது, இன்றே பிரதி எடுங்கள். 199இல் எண்ணிக்கை கூடியிருந்தால் பெரும்பாலும் கேபிள். கேபிளை மாற்றினாலும் அந்த எண்ணிக்கை குறையாது, மேலும் கூடாமல் நின்றால் சரி.

எல்லாம் சரி, வின்டோஸ் மட்டும் உள்ளே விடவில்லை

இங்கே சேர்வரைவிட வின்டோஸைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். வின்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து, ஹோம் தவிர்ந்த வகைகளில், கோப்புப் பகிர்வில் டிஜிட்டல் கையொப்பம் வழமையாகக் கட்டாயம், கடவுச்சொல் இல்லாத "கெஸ்ட்" அனுமதியோடு அது சேராது. வின்டோஸின் பாதுகாப்பைக் குறைத்துச் சரிக்கட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். சேர்வரில் வீட்டாருக்கு ஒரு பயனரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள், வின்டோஸின் கிரெடென்ஷியல் மனேஜரில் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள். பழைய ரீவி மட்டும் காணவில்லை என்றால் அது எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையில் பேசுகிறது, சேர்வரில் கோப்புகளைப் பகிரும் சம்பா மென்பொருளில் 4.11இலிருந்து அது வழமையாக அடைக்கப்பட்டிருக்கிறது. ரீவிக்கு டிஎல்என்ஏ (ரீவிகளுக்குப் படம், வீடியோ அனுப்பும் முறை) வழியாகக் கொடுங்கள்.

ஒன்றும் சரிவரவில்லை என்றால் புதிதாக நிறுவுவது வெட்கத்துக்குரிய வேலை இல்லை. பல நேரம் அதுவே விரைவு. முதலில் ஓஎம்வியின் கொன்ஃபிக் கோப்பை ஈடிசி ஃபோல்டரிலிருந்து எடுத்து வையுங்கள், பழைய பகிர்வுகளும் பயனர்களும் அதில் இருக்கும். டேட்டா டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் நிறுவ வேண்டும், இதில் விதிவிலக்கு இல்லை. சிஸ்டம் எழும்பியபின் நிறுத்தி, டிஸ்க்குகளை மாட்டி, மவுண்ட் செய்து, பயனர்களை முன்பிருந்த ஒழுங்கிலேயே உருவாக்குங்கள். லினக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, 1000, 1001 என்ற இலக்கத்தால் அறிகிறது. ஒழுங்கு மாறினால் அம்மாவின் கோப்பு தம்பியுடையதாகிவிடும்.

படங்கள் திறந்ததும் இன்னும் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்து, கை வைக்காமல் தானாக எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் இலக்கத்தையும், அது எந்தச் சாட்டா இணைப்பில் இருக்கிறது என்பதையும், சேர்வரின் ஐபி முகவரியையும் ஒரு தாளில் எழுதி பெட்டியின் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த மேம்படுத்தலுக்கு முதல் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள், யூபிஎஸ் பற்றரியைப் பரிசோதியுங்கள், ஐப்பசி கார்த்திகை இடிமின்னல் காலத்தில் தொடங்காதீர்கள். ஒரு பதிப்பைத் தாண்டி இன்னொன்றுக்கு நேரே பாயவும் வேண்டாம்: 5இலிருந்து 6, அது நன்றாக ஓடியபின் 7.