ஏடிஎம்-இல் ஈலேன்: முதலில் அட்ரஸைக் குறித்து வையுங்கள்

சிஸ்கோவின் லைட்ஸ்ட்ரீம் 1010 என்ற ஏடிஎம் ஸ்விட்ச் ஒன்று, லேன் கார்டு செருகிய கேட்டலிஸ்ட் 5000 என்ற ஈதர்நெட் பெட்டி ஒன்று. இங்கே ஏடிஎம் என்பது பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, தரவைச் சிறு சிறு செல்களாக அனுப்பும் வலை முறை. அதன் மேல் ஈதர்நெட் போன்ற வலையைப் பாவனை செய்வது லேன் (LANE); அப்படி உருவாகும் ஒவ்வொரு வலையும் ஒரு ஈலேன் (ELAN). லேபில் இந்த ஜோடி கிடைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கமாண்டுகள் பத்துப் பன்னிரண்டுதான். நான் மாட்டிக்கொண்டதெல்லாம் அட்ரஸில்.

இதில் நான்கு பேர். லெக் (LEC) என்பது கிளையன்ட். எந்த ஈலேனுக்கு எந்த லெஸ் என்று சொல்வது லெக்ஸ் (LECS). சேர வரும் கிளையன்ட்டைச் சேர்த்துக்கொள்வதும், மேக் அட்ரஸுக்கு, அதாவது ஈதர்நெட் முகவரிக்கு, ஏடிஎம் அட்ரஸ் சொல்வதும் லெஸ் (LES). எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் முழுவதையும் சுமப்பது பஸ் (BUS). சுமை அதிகம் என்பதால் பஸ்ஸை ஸ்விட்சின் சிபியுவில் வைக்காதீர்கள். லெஸ்ஸோடு சேர்த்து லேன் கார்டில் வையுங்கள். லெக்ஸ் ஸ்விட்சிலேயே இருக்கட்டும்.

கார்டில் 0/5 சிக்னலிங் (இணைப்பு கேட்க), 0/16 ஐஎல்எம்ஐ (ஸ்விட்சோடு அட்ரஸ் பேச) என்ற இரண்டு பிவிசியும், அதாவது நிரந்தர இணைப்பும், இருக்கிறதா பாருங்கள். ஐஎல்எம்ஐ இல்லாவிட்டால் ஸ்விட்சிலிருந்து அட்ரஸின் முன்பகுதியான 13 பைட் பிரிஃபிக்ஸ் வராது. அப்புறம் இரண்டு பெட்டியிலும் 'ஷோ லேன் டிஃபால்ட்' அடித்து, வருவதைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ் அட்ரஸின் கடைசியில் இரண்டு நட்சத்திரக் குறி இருக்கும். அங்கே சப்-இன்டர்ஃபேஸ் (இன்டர்ஃபேஸின் உட்பிரிவு) எண் வர வேண்டும், ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடியாகக் கொண்ட எண் முறையில். சப்-இன்டர்ஃபேஸ் 16 என்றால் 10. நான் 16 என்றே லெக்ஸின் டேட்டாபேஸில் எழுதிவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க ஃபைபரை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

இனி ஸ்விட்சில் 'லேன் டேட்டாபேஸ்' என்று ஒரு பெயர் கொடுத்து, உள்ளே ஈலேன் பெயரையும் அதன் லெஸ் அட்ரஸையும் எழுதுங்கள். பெயர் சொல்லாமல் வரும் கிளையன்ட்டுக்கு ஒரு 'டிஃபால்ட்-நேம்'. சிபியு இன்டர்ஃபேஸில் அந்த டேட்டாபேஸைக் கட்டி, ஆட்டோ-கான்ஃபிக் அட்ரஸ் கமாண்டையும் கொடுங்கள். 'ஏடிஎம் லெக்ஸ்-அட்ரஸ்-டிஃபால்ட்' மட்டும் வலையில் உள்ள ஒவ்வொரு ஏடிஎம் ஸ்விட்சிலும் வேண்டும்.

கார்டில் மல்டிபாயின்ட் சப்-இன்டர்ஃபேஸ் திறந்து 'லேன் சர்வர்-பஸ் ஈதர்நெட்', பிறகு ஈலேன் பெயர். அடுத்து 'லேன் கிளையன்ட் ஈதர்நெட்', விலேன் (ஈதர்நெட் பக்கம் பிரித்த வலை) எண், அதே பெயர். அந்த விலேன் ஈலேனோடு சேருவது இந்த வரியில்தான்.

சரி, 'ஷோ லேன் கிளையன்ட்' பாருங்கள். கான்ஃபிகர், டைரக்ட், டிஸ்ட்ரிபியூட், சென்ட், ஃபார்வர்ட் என்று ஐந்து வரி. கிளையன்ட் சேரும் வரிசையும் அதுவே. கான்ஃபிகர் லெக்ஸோடு, டைரக்டும் டிஸ்ட்ரிபியூட்டும் லெஸ்ஸோடு, சென்டும் ஃபார்வர்டும் பஸ்ஸோடு. கான்ஃபிகரில் விசிடி (இணைப்பின் எண்) 0 என்றிருந்தால் பதற வேண்டாம், வேலை முடிந்ததும் அந்த இணைப்பு விடப்படும். மற்ற நான்கிலும் எண் வந்தாக வேண்டும். டைரக்ட் வரவில்லை என்றால் டேட்டாபேஸில் உள்ள லெஸ் அட்ரஸைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். டைரக்டும் டிஸ்ட்ரிபியூட்டும் வந்து சென்ட் வராவிட்டால் பஸ்ஸைப் பாருங்கள்.

பிற்பாடு கார்டை மாற்றினால் மேக் மாறும், அதோடு லெஸ் அட்ரஸும் மாறும். டேட்டாபேஸ் தானாக மாறாது; புது கார்டில் 'ஷோ லேன் டிஃபால்ட்' அடித்து அந்த வரியைத் திருத்திவிட்டு, ஸ்விட்சில் 'ரைட் மெமரி' கொடுங்கள்.