கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டை குனுகேஷில் ஏற்றுவது எப்படி?

வீட்டுக் கணக்கை குனுகேஷ் (GnuCash) என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் எழுத ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் கிரெடிட் கார்டுதான். பெட்ரோல், மளிகை, மருந்து என்று மாதம் நாற்பது ஐம்பது வரி வரும். எல்லாவற்றையும் கையால் எழுதினால் இரண்டாவது மாதமே அலுத்துவிடும். ஸ்டேட்மென்டை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஏற்றினால் கால்மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதியட்டும். கார்டைத் தேய்த்த அன்றே செலவு நடந்துவிட்டது. பிறகு பில் கட்டுவது செலவு அல்ல, வங்கியிலிருந்து பணத்தை எடுத்துக் கடனை அடைப்பது. நான் முதல் மாதம் பில் தொகையையும் செலவில் சேர்த்துவிட்டேன். அந்த மாதச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரிந்தது. காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

1. கணக்கு தொடங்குங்கள். 'லயபிலிடீஸ்' (கடன்கள்) என்பதன் கீழ் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு புதுக் கணக்கு. வகை: 'கிரெடிட் கார்டு'. முந்தைய பில்லில் பாக்கி இருந்தால் அதை 'ஓப்பனிங் பேலன்ஸ்' பகுதியில் போடுங்கள்.

2. கோப்பைச் சரிசெய்யுங்கள். நெட் பேங்கிங்கில் எக்செல் கோப்பு மட்டும் கிடைத்தால், லிப்ரேஆபிஸ் கால்க்கில் திறந்து சிஎஸ்வியாகச் சேமிக்கலாம். அதற்கு முன் தொகையில் உள்ள காற்புள்ளிகளை எடுத்துவிடுங்கள். 1,25,000 என்பது 125000 ஆகட்டும். பல வங்கிகள் வரவுக்கு மைனஸ் போடுவதில்லை, பக்கத்தில் 'சிஆர்' என்று மட்டும் எழுதும். அந்த எழுத்தை நீக்கிவிட்டு, தொகைக்கு முன்னால் மைனஸ் போடுங்கள். பில் கட்டியது, திருப்பிக் கொடுத்த பொருளுக்கு வந்த பணம் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று வரிதான் இருக்கும். கையாலேயே செய்துவிடலாம்.

3. ஏற்றுங்கள். முதலில் கணக்குக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏற்றியதை மொத்தமாக ரத்து செய்ய வசதி இல்லை. பிறகு ஃபைல், இம்போர்ட், 'இம்போர்ட் டிரான்சாக்ஷன்ஸ் ஃப்ரம் சிஎஸ்வி'. முன்னோட்டப் பக்கத்தில் கார்டு கணக்கைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள தலைப்பு வரிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தேதி வடிவம் நாள்-மாதம்-ஆண்டு என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரல் 5, மே 4 ஆகிவிடும்.

அப்புறம் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மேலே அது என்ன என்று குறிக்க வேண்டும்: தேதி, விவரம், தொகை. ஸ்டேட்மென்டில் செலவுகள் மைனஸ் இல்லாமல்தான் இருக்கும். அதனால் தொகைக்கு 'அமவுண்ட்' வேண்டாம், 'அமவுண்ட் நெகேட்டட்' தேர்ந்தெடுங்கள். 5-ஆம் பதிப்பில் அந்தப் பெயரில் இருக்கும். இந்த அமைப்புகளை ஒரு பெயர் கொடுத்து அங்கேயே சேமித்துக்கொண்டால் அடுத்த மாதம் இந்தப் படி ஒரு நிமிட வேலைதான்.

4. வரிகளைப் பிரியுங்கள். அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் இருமுறை சொடுக்கி, எந்தச் செலவுக் கணக்கு என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டவை 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' என்ற கணக்கில் போய் உட்காரும். குனுகேஷ் உங்கள் தேர்வுகளைக் கற்றுக்கொள்ளும். அதே கடை மறுபடி வந்தால் தானே ஊகித்துக் காட்டும். வட்டி, கட்டணம், அவற்றின் மீதான ஜிஎஸ்டி ஆகியவற்றுக்குத் தனிச் செலவுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு என்று கண்ணில் படுவது நல்லது.

பில் கட்டிய வரிக்கு மட்டும் உங்கள் சேமிப்புக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அதை ஏற்கனவே வங்கிப் பக்கமிருந்து எழுதியிருந்தால் குனுகேஷ் பெரும்பாலும் அந்தப் பதிவோடு பொருத்திக் காட்டும். அப்போது 'ஏ' பெட்டியை எடுத்துவிட்டு 'சி' பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்; 'ஏ' என்றால் புதிதாகச் சேர்க்கும், 'சி' என்றால் இருப்பதோடு பொருத்தும்.

5. ஒத்துப் பாருங்கள். கார்டு கணக்கில் 'ரீகன்சைல்' திறந்து, ஸ்டேட்மென்ட் தேதியையும் மொத்தப் பாக்கியையும் கொடுத்து, வரிகளை டிக் செய்யுங்கள். வித்தியாசம் பூஜ்யம் வந்தால் சரி. வராவிட்டால் வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். 2,998 வந்தால் 1,499-க்கு ஒரு வரியைத் தேடுங்கள்; பெரும்பாலும் அதில்தான் மைனஸ் விட்டுப்போயிருக்கும். முடித்ததும் பில் கட்டச் சொல்லி ஒரு சாளரம் திறக்கலாம். கட்டியதை வங்கிப் பக்கமிருந்து எழுதுபவர்கள் அதை மூடிவிடலாம்.