ஜெர்மன் பிராந்தியப் பாதுகாப்புத் தலைமையகத்தின் வரலாற்றைத் தேடும் முறை

புதுச்சேரியில் ஒரே வீதியைப் பிரெஞ்சுப் பெயராலும் தமிழ்ப் பெயராலும் பழைய ஆவணங்களில் தேடிப் பழகிய வரலாற்று மாணவர்களுக்கு இந்தத் தேடல் கடினமாக இராது. ஜெர்மன் மொழியில் ‘வேர்பெரைஹ்ஸ்கொமாண்டோ’ எனப்படும் இத்தலைமையகங்களை ஆராயும்போது, ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட வரிசை எண்ணை நம்பாமல் முதலில் ஊரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மியூனிக் நகரம் 1945க்கு முந்தைய இராணுவ வட்டங்களில் ஏழாம் எண்ணையும், 1955இல் உருவான புதிய இராணுவத்தின் தலைமையகங்களில் ஆறாம் எண்ணையும், 2001ஆம் ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் நான்காம் எண்ணையும் பெற்றது. அந்த நான்காம் எண் அதற்கு முன்னர் மைன்ஸ் நகரத்துக்கு உரியதாக இருந்தது. இதைக் கவனிக்காதவர்கள் இரண்டு அமைப்புகளின் வரலாற்றை ஒன்றாகக் கலந்துவிடுவார்கள்.

அடுத்து, அதன் பணியைப் பாருங்கள். களப்படைகள் போர்க்காலத்தில் நேட்டோவின் கட்டளைக்குச் செல்லவிருந்ததால், பின்புலப் பாதுகாப்பு, போக்குவரத்து, குடிமை நிர்வாகத்துடனான ஒருங்கிணைப்பு ஆகியவற்றை நாட்டின் சொந்தப் பொறுப்பில் வைத்திருக்கவே இவை தேவைப்பட்டன. என் கருத்தில் வரலாற்றின் மையமே இதுதான்.

மேற்கு ஜெர்மனியில் ஆறாக இருந்தவை, 1990இல் நாடு இணைந்தபின் லைப்சிக், நோய்பிராண்டன்பர்க் ஆகியவற்றுடன் எட்டாகி, பின்னர் நான்காகச் சுருங்கி, 2013இல் மறைந்தன. மூல ஆவணங்களுக்கு ஃபிரைபர்க் நகரிலுள்ள இராணுவ ஆவணக் காப்பகத்தை நாடுங்கள்.