தண்ணீர் வெளுத்துவிட்டது, சாயம் எங்கே போனது?

புற ஊதா ஒளி பட்டால் சாயத்தை உடைக்கும் வினையூக்கி நுண்துளை டைட்டானியம் டை ஆக்சைடு. அந்தப் பொடியை மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயக் கரைசலில் போட்டால் நீலம் மங்கும், உடனே நோட்டில் "90 சதவீதம் சிதைந்தது" என்று எழுதத் தோன்றும். நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதினேன். அப்புறம் பொடியைச் சுழற்றிப் பிரித்த சென்ட்ரிஃபியூஜ் குழாயைத் தூக்கிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய பொடி அடியில் வான நீலத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாயம் உடையவே இல்லை, துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் விளக்கைப் போடும் முன் இருட்டில் ஆரம்பியுங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயக் கரைசல் 100 மில்லி, பொடி 50 முதல் 100 மில்லிகிராம், பீக்கரைச் சுற்றி அலுமினியம் ஃபாயில், மேக்னடிக் ஸ்டிரர். எல்லோரும் 30 நிமிடம் என்பார்கள், துளை அதிகமுள்ள பொடிக்கு அது போதாமல் போகலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 3 மில்லி எடுத்து, பொடியை நன்றாகப் பிரித்துவிட்டு (மிச்சம் இருந்தால் ஒளியைச் சிதறடித்து அளவைக் கெடுக்கும்), 664 நானோமீட்டரில் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக வந்தால், அதுதான் உங்கள் தொடக்க அளவு. ஊற்றியபோது இருந்த அளவு இல்லை.

இனி விளக்கு. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வகையின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளிதான் வேலைக்கு ஆகும். 365 நானோமீட்டர் விளக்கு சரி, வீட்டு எல்இடி பல்பு ஆகாது. புற ஊதா ஒளியைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த விளக்கைப் பார்க்காதீர்கள். பொடியே இல்லாத சாயக் கரைசலையும் பக்கத்தில் வைத்து ஒளி காட்டுங்கள், ஏனென்றால் சாயம் வெறும் ஒளியிலேயே கொஞ்சம் வெளுக்கும், அந்தப் புகழை உங்கள் பொடிக்குக் கொடுக்கக் கூடாது.

பிஎச் அளவைக் குறித்து வையுங்கள். சுமார் 6-க்கு மேலே போனால் பொடியின் மேற்பரப்பு எதிர்மின்னாகும், நேர்மின் சாயமான மெத்திலீன் புளூ கூடுதலாக ஒட்டும். எதிர்மின் சாயமான மெத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிர்.

நிறம் போனதும் குதிக்க வேண்டாம். மெத்திலீன் புளூ எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிறமில்லாத வடிவத்துக்கும் மாறும், காற்று பட்டால் திரும்ப நீலம் வரும். குழாயைக் குலுக்கிப் பாருங்கள். முடிந்தால் மொத்தக் கரிம கார்பன் அளவும் எடுங்கள், சாயம் துண்டுகளாக நிற்கிறதா, கார்பன் டை ஆக்சைடாகவே போய்விட்டதா என்று அதுதான் சொல்லும்.

இதெல்லாம் சுத்தமான நீரில். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு என்றால் உப்பும் காரமும் சேர்ந்து வரும். ஒளி பட்ட பொடியில் உருவாகிச் சாயத்தை உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை உப்பின் குளோரைடு அயனிகள் பிடித்துக்கொள்ளும், அடர்ந்த நிறம் ஒளியை உள்ளே விடாது. மாதிரியை நீர்த்துப் போகச் செய்து சோதித்தால், எத்தனை மடங்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

நீலமாகிப்போன பொடியைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் நல்ல தண்ணீரில் கலக்கி, தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் வையுங்கள். மெல்ல வெளுத்து வந்தால் பொடி வேலை செய்கிறது, அடுத்த சுற்றுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.